பொங்கலுக்குப் போடும் கற்பூரம்

மயிலாப்பூர் வீடு (குடும்பக் குழு)
புரட்டாசி சனிக்கிழமை

காலை 6:10
நான்: வேளச்சேரி வீட்டில் முதல் தளிகை. சர்க்கரைப் பொங்கல் இறக்கும் பதத்துக்கு வந்துவிட்டது. பச்சைக் கற்பூரம் வாங்க மறந்துவிட்டேன். பூஜை அலமாரியில் இருக்கும் வில்லையில் ஓர் ஓரம் கிள்ளிப் போடலாமா? இரண்டும் ஒரே வாசனைதானே?

6:11
பெரியம்மா: போடாதே!

பெரியம்மா: அடுப்பை அணைத்துவிட்டுப் படி. ஏற்றும் கற்பூரம் வேறு, உணவில் சேர்ப்பது வேறு. இப்போது ஏற்றுவதெல்லாம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. வாயில் வைக்கவே கூடாது.

6:13
தம்பி: கிள்ளுமளவுக்கு என்ன ஆகிவிடும், பெரியம்மா?

6:16
பெரியம்மா: குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். இரண்டு வயதுப் பையன், கல்கண்டு என்று நினைத்து ஒரு வில்லையை விழுங்கிவிட்டான். தூக்கி வரும்போதே வலிப்பு. வாயருகே குனிந்தால் கோயில் வாசனை. பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த வாசனையும் அவன் அம்மாவின் முகமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உன் வீட்டிலும் தவழும் பிள்ளை இருக்கிறாள், அம்மாடி.

நான்: போடவில்லை, பெரியம்மா. கை நடுங்கிவிட்டது.

6:20
சித்தி: பாட்டி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "ஏலக்காயும் முந்திரியும் போட்டு மூடி வை. என் சம்படத்தில் பச்சைக் கற்பூரம் இருக்கிறது. கரைந்து போகாமலிருக்க நாலு மிளகும் போட்டு வைத்திருக்கிறேன். கடுகளவு போதும், கூடினால் கசக்கும்."

சித்தப்பா: சம்படத்தோடு கிளம்பிவிட்டேன். திருமயிலையில் பறக்கும் ரயில் பிடித்தால் நேரே வேளச்சேரி.

6:31
பெரியப்பா: அந்தச் சம்படத்துக்குள் ஒரு கடல் பயணமே இருக்கிறது. பழைய பச்சைக் கற்பூரம் சுமத்திராவின் பாரூஸ் பக்கத்துக் காட்டு மரங்களைப் பிளந்து எடுத்தது. நம் வணிகர்கள் அங்கே போய்த் தங்கியிருக்கிறார்கள். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு அங்கேயே கிடைத்திருக்கிறது, ஆண்டு 1088. பெருமாளின் வாய் கற்பூரம் மணக்குமா, தாமரைப்பூ மணக்குமா என்று ஆண்டாள் சங்கிடம் கேட்டாளே, அவள் காலத்திலேயே நம் வீடுகளுக்குத் தெரிந்த மணம் அது.

6:38
தம்பி: சரி, பெரியப்பா. ஆனால் அடுக்குமாடி வீட்டில் எதற்கு எரிக்க வேண்டும்? கருவறைச் சுவர் கரி பிடிக்கிறது என்று பல கோயில்களிலேயே நிறுத்திவிட்டார்களே. நெய் விளக்கு போதாதா?

நான்: எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. போன வாரம் ஏற்றியதில் தட்டில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

6:44
பெரியப்பா: புகை வருவது கற்பூரத்தின் இயல்பு. தட்டில் பிசுக்கு நின்றால் அதில் மெழுகோ வேறெதுவோ சேர்த்திருக்கிறார்கள். கடையை மாற்று.

6:50
சித்தி: பாட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறார்: "கோயில் சொல்வது சரிதான், கல்லையும் சித்திரத்தையும் காப்பாற்ற வேண்டும். வீட்டில் ஒரு சின்ன வில்லை போதும், ஜன்னலைத் திறந்து வை. ஆனால் அடியோடு விட்டுவிடாதீர்கள். என் சின்ன வயதில் திருவல்லிக்கேணியில் உள்ளே ஒரே இருட்டு. பட்டர் ஆரத்தியைத் திருவடியில் காட்டி மெல்ல மேலே கொண்டுபோவார். அதுவரை இருட்டாக இருந்த இடத்தில் பார்த்தசாரதியின் மீசை தெரியும். உங்கள் தாத்தா என் தோளைத் தொட்டு 'பார், பார்' என்பார். அதற்குள் வெளிச்சம் இறங்கிவிடும். திரி எரிந்தால் கரித்துண்டு நிற்கும், ஊதுவத்தி சாம்பலை விடும். கற்பூரம் தனக்கென்று எதையும் மிச்சம் வைக்காது. பெருமாள் முன்னால் நானும் அப்படி நிற்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடமாக ஏற்றுகிறேன்."

6:53
தம்பி: பாட்டி, அடுத்த சனிக்கிழமை உங்களோடு திருவல்லிக்கேணிக்கு நான் வருகிறேன்.

7:48
நான்: சித்தப்பா வந்துவிட்டார். கடுகளவு போட்டுக் கிளறினேன், வீடே மணக்கிறது. கோவிந்தா சொல்லிப் படைத்தாகிவிட்டது. சித்தப்பா கொண்டுவந்த வில்லைதான் ஏற்றினேன். தட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

7:49
பெரியம்மா: நல்லது. அந்த வில்லை டப்பா எங்கே இருக்கிறது?

நான்: மேல் அலமாரியில், பூட்டிவிட்டேன், பெரியம்மா.