பைபாஸ் செய்துகொண்டவருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை பாதுகாப்பானதா?

பொருநைக்கரையான்:
என் தந்தைக்கு வயது 67. 2019இல் பைபாஸ் செய்துகொண்டார். சர்க்கரை நோயும் உண்டு. பித்தப்பைக் கல்லால் அடிக்கடி வலி வருவதால், லேப்ராஸ்கோப்பி முறையில் (வயிற்றில் சிறு துளைகளிட்டு) பித்தப்பையை அகற்ற வேண்டும் என்கிறார் அறுவை மருத்துவர். நெஞ்சைத் திறந்தவருக்கு மறுபடியும் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்ததை உட்கொண்டு வருகிறார். என்ன செய்வது?

மயக்கவியல் மருத்துவர்:
பைபாஸ் நடந்திருக்கிறது என்பது மட்டுமே தடையாகாது; இதயம் இன்று எப்படி இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். பைபாஸில் இரத்தம் செல்லும் மாற்றுப் பாதையாக மார்பிலிருந்து எடுத்து இணைத்த தமனி பெரும்பாலும் நீண்ட காலம் திறந்திருக்கும் என்றாலும், காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி பத்து ஆண்டுகளுக்குள் அடைபட்டுவிடக்கூடும் என்பதால், 2019இல் சரிசெய்ததையே இன்றைக்கும் நற்சான்றாகக் கொள்ள இயலாது. இரண்டு மாடிப் படிகளை இளைப்பின்றி ஏறுகிறாரா என்று கவனியுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகலாம்; ஆகவே மூச்சுத்திணறலையும் விசாரியுங்கள். ஈசிஜி, எக்கோ பார்ப்பார்கள். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு அறுவைக்காக மட்டும் ஆஞ்சியோகிராம் தேவைப்படுவதில்லை. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி உப்பவைக்கும்போது இதயத்தின் சுமை கூடும். அந்த வாயுவின் அழுத்தத்தைக் குறைவாக வைத்துக்கொள்ள முடியும். பயந்து தள்ளிப்போட்டு, பித்தப்பை சீழ் பிடித்த பிறகு அவசரமாகச் செய்வதுதான் இதயத்துக்குக் கூடுதல் ஆபத்து.

வைகறை:
பைபாஸ் ஆன என் மாமியாருக்குச் சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து கண்புரை அகற்றினார்கள். எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை. இவருக்கும் அப்படித்தானா?

மயக்கவியல் மருத்துவர்:
இல்லை, கண்புரையில் இரத்தப்போக்கு மிகக் குறைவு. இங்கே க்ளோபிடோக்ரலை வழக்கமாக ஐந்து நாள் முன்பே நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடர்வதுண்டு. இரண்டும் சேர்ந்த மாத்திரையை வீட்டிலேயே நிறுத்தினால் ஆஸ்பிரினும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசித் தனி ஆஸ்பிரின் எழுதித் தரட்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்றவற்றையும் கொழுப்புக்கான மாத்திரையையும் ஏற்கெனவே உட்கொண்டு வந்தால் நிறுத்தக் கூடாது.

பொருநைக்கரையான்:
நன்றி, ஐயா. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் உட்கொள்கிறார். அதைத் தொடரலாமா?

மயக்கவியல் மருத்துவர்:
அதைக் குறைந்தது மூன்று நாள் முன்பு நிறுத்த வேண்டும். இல்லையெனில் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். மாற்று மருந்தைச் சர்க்கரை மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.