டர்போ காருக்குப் புகைக்குழாய் எத்தனை அங்குலம்? சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

சத்ரியா ஓட்டி, சுங்கை சிப்புட்

மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் எனக்கு நேர்ந்தது எட்டு மாதமாகியும் மனத்தை விட்டு அகலவில்லை. என் புரோட்டோன் சத்ரியா காரில் 4ஜி93 டர்போ எஞ்சின் ஹாஃப்கட்டாக (பாதியாக வெட்டி விற்கும் பழைய காராக) வாங்கிப் பொருத்தப்பட்டது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். அதில் இருந்த இரண்டேகால் அங்குலக் குழாயை எடுத்துவிட்டு, டர்போவின் (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியின்) வாயிலிருந்து பின்பம்பர் வரை மூன்று அங்குலக் குழாய் போட்டேன். பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் தொடவில்லை, எஞ்சின் கணினியையும் தொடவில்லை. மாறியது குழாய் மட்டுமே.

ஜெலாப்பாங்கைத் தாண்டி நான்காவது கியரில் முழுதாக மிதித்தேன். எப்போதும் 0.7 பார் அழுத்தத்தில் நின்றுவிடும் பூஸ்ட் மானி முள், அன்று அங்கே நிற்காமல் 0.8, 0.9 என்று நிதானமாக மேலே ஏறியது. அந்த நிதானம்தான் இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. சட்டென்று பாய்ந்திருந்தால் ஏதோ கழன்றுவிட்டது என்று உடனே காலை எடுத்திருப்பேன். அது மெல்ல ஏறியதால் நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். 1.1ஐத் தொட்டதும் சாவியைப் பிடுங்கியதைப் போல எஞ்சின் நின்று, மறுகணம் பிடித்து, மீண்டும் நின்றது. பக்கத்தில் இருந்த அப்பா இரண்டு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். சற்று முன்பு நான் முந்தி வந்த செம்பனைக் குலை லோரியின் விளக்குகள் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தன.

மூன்று அங்குலம் என் காருக்கு அதிகமா என்பதுதான் அன்று முதல் என்னைக் குடையும் கேள்வி.

பிரீவே 2013, சுங்கை சிப்புட்

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. என் புரோட்டோன் பிரீவே காரின் 1.6 சிஎஃப்இ டர்போ எஞ்சினுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 138 குதிரைத் திறன், 2,000 சுற்றிலேயே 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதற்கு இரண்டரை அங்குலம் போதும் என்று முடிவு செய்து, அருகிலிருந்த ஒரு பட்டறையில் 700 வெள்ளி கொடுத்துக் குழாய் மாற்றினேன். சத்தம் மாறியது, ஓட்டத்தில் கடுகளவும் மாற்றமில்லை. ஓராண்டு முழுவதும் எஞ்சினைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறொரு வேலைக்காகக் கார் மேலே தூக்கப்பட்டிருந்தபோது, கையில் இருந்த வெர்னியர் அளவுகோலைக் குழாயில் வைத்துப் பார்த்தேன். நேரான பகுதியில் வெளியளவு 63 மி.மீ. இருந்தது. பின்சக்கரங்களை ஒட்டி வளையும் இடத்தில் வைத்தபோது 46 என்று காட்டியது. நம்ப முடியாமல் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன், அதே 46தான். குழாயை அழுத்தி வளைக்கும் இயந்திரத்தில் வளைத்திருக்கிறார்கள்; வளைவின் உட்பக்கத்தில் தகடு துணி மடிப்பைப் போலச் சுருங்கி உள்ளே போயிருந்தது. இப்படி மூன்று வளைவுகள். இரண்டரை அங்குலம் என்று நான் காசு கொடுத்து வாங்கியது, இரண்டு அங்குலத்துக்கும் குறைவாக நசுங்கிய ஒரு வழியைத்தான்.

பட்டறைக்காரர், ஈப்போ சாலை

இருபது ஆண்டுகளாகக் குழாய் வளைத்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரீவே தம்பி கண்டதை நானும் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறை என் கையாலேயே அப்படி வளைத்துக் கொடுத்த ஒரு குழாயை, மேன்ட்ரல் இயந்திரம் வாங்கிய பிறகு அந்த வாடிக்கையாளரை அழைத்துப் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். மேன்ட்ரல் முறையில் வளைக்கும்போது உள்ளே ஓர் உருளை தாங்கிக்கொள்வதால் குழாயின் விட்டம் வளைவிலும் குறைவதில்லை.

சத்ரியா தம்பி, குழாயின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் குழாய் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. டர்போவின் சுழலியைச் சுற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து முன்னால் 2 பார், பின்னால் 1.3 பார் என்று வைத்துக்கொண்டால் விகிதம் ஏறக்குறைய ஒன்றரை. பின்னால் இருப்பதை 1.05க்கு இறக்கினால் அதே 2 பார் கிட்டத்தட்ட 1.9 விகிதத்தைத் தருகிறது. ஆகவே சுழலி சீக்கிரம் விழிக்கிறது, வேகமாகவும் சுற்றுகிறது. அந்த வேகத்தை அடக்க வேண்டியது வேஸ்ட்கேட், அதாவது மிஞ்சிய வாயுவைச் சுழலிக்குள் விடாமல் திருப்பிவிடும் கதவு. அதன் துளை சிறியதாக இருந்தால், கதவு முழுதாகத் திறந்த பிறகும் வாயு சுழலி வழியாகவே போய்க்கொண்டிருக்கும். முள் நீங்கள் கண்டதைப் போல நிதானமாக ஏறிக்கொண்டே இருக்கும். கணினி எரிபொருளை வெட்டியது உங்கள் பிஸ்டன்களைக் காப்பாற்றுவதற்காக.

டர்போவுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் இழுக்கும் என்று இந்த ஊரில் இன்னமும் பேசுகிறார்கள். டர்போ இல்லாத எஞ்சினில், குழாய் அளவாக இருந்தால் வாயு வேகமாக ஓடி அடுத்த வெளியேற்றத்துக்கு உதவுகிறது. அதில் கண்டதை இதில் பொருத்திப் பேசுவதால் வந்த தவறு இது. சுழலியைத் தாண்டிய வாயுவுக்கு வெளியே போவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அதற்காகக் கடைசி வரை மூன்று அங்குலம் வேண்டும் என்பதும் இல்லை. டர்போவை விட்டு 800 டிகிரி சூட்டில் வெளிவரும் வாயு, பின்னால் போகப் போக 400க்கு இறங்கினால் அதன் கனஅளவு மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே வந்துவிடும். இரண்டரை அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பும் மூன்று அங்குலக் குழாயினுடையதில் 69 விழுக்காடுதான். எனவே டர்போவை ஒட்டிய முதல் குழாயான டவுன்பைப்பை மட்டும் மூன்றாக வைத்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக்கைத் தாண்டிய பிறகு இரண்டரைக்கு இறக்குவது என் வழக்கம். உங்கள் எஞ்சினைப் போல 200 குதிரைத் திறனைச் சுற்றி நிற்பவைக்கு இதுவே தாராளம்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். குழாயை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஆக்சிஜன் சென்சாரைப் போல ஒரு திருகு வாயைக் குழாயில் பற்றவைத்து, அதில் ஒரு மீட்டர் நீளச் செம்புக் குழாயை மாட்டி, அதன் முனையில் அழுத்தமானியை வையுங்கள். செம்பு நீளமாக இருந்தால்தான் சூடு மானியைக் கெடுக்காது. மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து, சுற்றுமானியின் சிவப்புக் கோடு வரை போய்ப் பாருங்கள். 2 பிஎஸ்ஐக்குக் (ஏறக்குறைய 0.14 பார்) கீழே இருந்தால் குழாயில் காசைக் கொட்டாதீர்கள். அதற்கு மேல் போனால் எங்கோ ஓரிடம் அடைக்கிறது. முதலில் அந்த இடத்தைத் தேடுங்கள்.

கான்சில் 659, தோட்டத்து வீடு

பட்டறை அண்ணன் சொல்லும் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் குழாய் போய் நிற்கும் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பது என் வருத்தம். என் கான்சில் சிறு காரில் இருப்பது ஜேபி-ஜேஎல் டர்போ எஞ்சின். 659 சிசி, நான்கு சிலிண்டர், ஜப்பானில் கேய் எனப்படும் சிறு கார்களுக்கு வைத்த எல்லையான 64 குதிரைத் திறன். பெரிதாக இருந்தால் டர்போவுக்கு நல்லது என்று கேட்டு இதற்கு இரண்டரை அங்குலம் போட்டேன், சத்தம் பெரிதாகிவிட்டது.

இரவு வேலை முடிந்து பின்னிரவு இரண்டு மணிக்கு வீடு திரும்புவேன். எங்கள் லயத்தில் இன்னமும் விடியலுக்கு முன் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவும் முப்பது வருடம் ரப்பர் மரம் சீவியவர். அந்தத் தூக்கத்தின் அருமை அவருக்குத் தெரியும். ஒரு நாள் அவர் கோயில் முனையில் டார்ச் விளக்குடன் நின்றுகொண்டிருந்தார். "இங்கேயே நிறுத்துப்பா, தள்ளிக்கொண்டு போகலாம்" என்று சொல்லிவிட்டு, நான் இறங்குவதற்குள் பின்பக்கம் போய்க் கையை வைத்துவிட்டார். அறுபத்தெட்டு வயது அவருக்கு. செம்மண் பாதையில் இருவரும் காரைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அந்த வாரமே இரண்டு அங்குலத்துக்கு மாற்றி, நடுவில் சத்தத்தைக் குறைக்கும் ஒரு ரெசொனேட்டரும் வைத்தேன். டர்போ எழும் சுற்று எனக்குத் தெரிந்தவரை மாறவில்லை. எஞ்சினின் அளவைச் சொல்லாமல் அங்குலத்தை மட்டும் சொல்லிக் கொடுப்பவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரர், ஈப்போ சாலை

தம்பி, 64 குதிரைத் திறனுக்கு இரண்டரை அங்குலம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். அம்மாவின் பேச்சை அந்த வாரமே கேட்டு நடந்தீர்களே, அதற்கு என் வணக்கம். 1987ஆம் ஆண்டு முதல் வாகன ஒலிக்கென்று தனி விதிமுறையே நம் நாட்டில் உள்ளது என்பதையும் இங்குள்ள இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சத்ரியா ஓட்டி, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்கி, அதை மூடும் தகட்டையும் அதற்கேற்ப மாற்றினேன். மூன்று அங்குலக் குழாயை அப்படியே விட்டுவிட்டேன். நேற்று அதே ஏற்றத்தில், அதே கியரில் முள் 0.75இல் நின்றது. அப்பா வரவில்லை, நானும் அழைக்கவில்லை.

ஆனால் இரவில் மழை விட்ட பிறகு, காற்று குளிர்ந்திருந்தபோது ஐந்தாவது கியரில் 0.85 வரை போனது. துளை இன்னும் போதவில்லையா, குளிர்ந்த காற்றின் வேலையா என்று புரியவில்லை. செம்புக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை திருகு வாயைப் பற்றவைத்து அளந்துவிட்டு எண்களை இங்கே எழுதுகிறேன்.