பேஜ்பாய்: வாசித்த அனுபவம்

நடிகர்களின் தன்வரலாறுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. பாராட்டு விழா உரையை நீட்டி எழுதியதைப் போலவே அவற்றில் பல இருக்கும். கனடா நாட்டு நடிகர் எலியட் பேஜ் 2023இல் வெளியிட்ட இந்நூலைக் கடலூர்–புதுச்சேரி பேருந்துப் பயணங்களில் படித்தேன். 'ஜூனோ' படத்தால் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்ற காலத்தை அவர் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. 2007இல் டொராண்டோ திரைப்பட விழாவுக்குக் கவுன் அணிந்தே வர வேண்டும் என்று, அப்போது நடிகையாகவே அறியப்பட்டிருந்த அவர் வற்புறுத்தப்பட்டபோது, உடன் நடித்த மைக்கேல் செரா சாதாரணச் சட்டையும் கால்சட்டையுமாக வந்து நின்றதை அவர் விவரிக்கும் பக்கங்களே நூலின் உயிர் என்பேன். புகழ் கூடக்கூட மறைக்க வேண்டியதும் கூடியது என்பது அங்கே எவ்விதப் புலம்பலுமின்றித் தெரிந்துவிடுகிறது. தன்பாலீர்ப்பை 2014இலும், தாம் திருநம்பி, அதாவது பெண்ணாக வளர்க்கப்பட்ட ஆண், என்பதை 2020 டிசம்பரிலும் அவர் பொதுவில் அறிவித்தார்.

வெளிப்படையான எழுத்து நமக்குப் புதிதன்று. கண்ணதாசன் 'வனவாச'த்தில் தம்மையே 'அவன்' என்று தள்ளி நிறுத்திக்கொண்டு தம் செயல்களை ஒப்புக்கொண்டார். பேஜுக்கு அந்த விலகல் வாய்க்கவில்லை. அவர் சொல்ல வேண்டியிருந்தது செயலைப் பற்றியன்று, தம் உடலைப் பற்றி.

வெள்ளிக் கடற்கரையில் உடன் நடக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் இதைச் சொன்னபோது, "கூவாகம் திருவிழாவுக்கு வருவாங்களே, அவங்களைப் பத்தியா சார்?" என்று கேட்டார். சித்திரைதோறும் அந்தத் திருவிழாவைப் பற்றிப் பேசும் எங்கள் பகுதியில் திருநங்கையரை அறியாதவர் இல்லை. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்களைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. விளக்கியதும், அறிவித்த பிறகு வாய்ப்புகள் நின்றுபோயினவா என்று வினவினார். நிற்கவில்லை என்றும், அவர் நடித்துவந்த 'தி அம்ப்ரெல்லா அகாடமி' தொடரில் அவருடைய பாத்திரமே 2022இல் விக்டர் என்னும் ஆணாக மாறியது என்றும் கூறினேன்.

நூலை அவர் வாங்கிச் சென்றிருக்கிறார். காலவரிசையின்றி முன்னும் பின்னும் தாவும் நடை அவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் பென்சிலால் ஆண்டைக் குறித்து வருகிறாராம். அந்தக் குழப்பம் ஆசிரியர் வேண்டுமென்றே வைத்தது என்று நான் சொல்லியும் அவர் கேட்பதாக இல்லை.