புது ரூட்டர் வந்தபின் எக்ஸ்பி கணினிக்குப் பெரிய ஃபைல் போகவில்லை

பிளேட்ரூம்_சிவகாசி:
வணக்கம். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். பிளேட் எடுக்கும் மெஷினுக்கான ரிப் மென்பொருள் (டிசைனை அச்சுப் புள்ளிகளாக மாற்றுவது) விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். அதன் டாங்கிளும் (உரிமச் சாவி) பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகுவது. அதனால் அந்தக் கணினியை மாற்ற வழியில்லை. டிசைன் பிரிவில் விண்டோஸ் 10.

போன வாரம் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். பொருத்த வந்தவர்கள் பழைய ரூட்டரோடு, நடுவில் இருந்த பழைய நெட்வொர்க் சுவிட்சையும் கழற்றிவிட்டு எல்லாக் கேபிளையும் நேராகப் புது ரூட்டரில் செருகிவிட்டார்கள். அன்றிலிருந்து 300 எம்பி காலண்டர் ஃபைலை எக்ஸ்பிக்கு அனுப்பினால் கொஞ்சம் போய் நிற்கிறது, அப்புறம் ஊர்கிறது. பிங் (இணைப்பைச் சோதிக்கும் சின்னத் தகவல்) அடித்தால் ஒன்றுகூடத் தவறுவதில்லை. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். காலண்டர் சீசனில் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைகிறார்கள் பையன்கள்.

சிஸ்டம்_சரவெடி:
எஸ்எம்பி 1 (விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிரும் பழைய முறை) பிரச்சினையாக இருக்கும். 2017இல் வந்த 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவிய விண்டோஸ் 10இல் அது இருப்பதில்லை. எக்ஸ்பிக்கோ அதை விட்டால் வேறு தெரியாது. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போய்ப் பாருங்கள்.

மதுரை_கேபிள்காரர்:
எஸ்எம்பி 1 இல்லையென்றால் ஃபோல்டரே திறந்திருக்காது தம்பி. இங்கே ஃபைல் போகத் தொடங்கிய பிறகுதான் திணறுகிறது. ஒன்றிரண்டு மில்களிலும் அச்சகங்களிலும் இதே நோயைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி, எக்ஸ்பியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்ன என்று பாருங்கள். அந்தக் காலத்தில் சுவிட்சிலும் கார்டிலும் கையால் 100 ஃபுல் என்று பூட்டி வைப்பது வழக்கம். 100 என்பது வேகம்; ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டு பக்கமும் பூட்டியிருந்தவரை சரியாக ஓடியிருக்கும். புது ரூட்டரோ ஆட்டோவில் பேசிப் பார்க்கும். பூட்டிய கார்டு பதில் பேசாது. வரும் சிக்னலை வைத்து வேகம் 100 என்று ரூட்டர் கண்டுபிடித்துவிடும். ஃபுல்லா ஹாஃபா என்று அதற்குத் தெரிய வழியில்லை. அப்படித் தெரியாவிட்டால் ஹாஃப் என்று எடுத்துக்கொள்வதுதான் ஈதர்நெட் விதி.

இனி நடப்பதைப் பாருங்கள். கார்டு எப்போது வேண்டுமானாலும் அனுப்பும். ரூட்டர், தான் அனுப்பும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால் அதை மோதல் என்று எண்ணிப் பாதியில் நிறுத்திவிடும். பிங் சின்னது, ஒன்று போய் ஒன்று வருவது, மோத வாய்ப்பே இல்லை. பெரிய ஃபைலில் ஒரு பக்கம் டேட்டா, மறு பக்கம் ஒப்புதல் என்று ஒரே நேரத்தில் ஓடுவதால் மோதிக்கொண்டே இருக்கும். பிங் நன்றாக இருப்பதைப் பார்த்து நெட்வொர்க்கில் குறையில்லை என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் இது பிடிபடாமல் போகிறது.

கார்டை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் லிங்க் நிற்கவில்லையென்றால் 100 ஹாஃப் வையுங்கள். வேகம் குறையும், ஆனால் இரு பக்கமும் ஒத்துப்போகும்.

பிளேட்ரூம்_சிவகாசி:
நீங்கள் சொன்னபடியே 100 ஃபுல் என்றுதான் இருந்தது! ஆட்டோ வைத்ததும் அதே ஃபைல் அரை நிமிடத்துக்குள் போய்விட்டது. ரொம்ப நன்றி அண்ணே. இன்னொரு கேள்வி: இந்த எக்ஸ்பி இப்போது ஃபைபர் ரூட்டரில் நேராக இருப்பதால் ஆபத்து உண்டா?

மதுரை_கேபிள்காரர்:
உண்டு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கு ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள், ரூட்டர் தானாகப் பகிரும் எல்லைக்கு வெளியே ஓர் எண்ணாக. டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். டிசைன் பிரிவோடு பேசும், இணையத்துக்குப் போகாது. உள்ளே வேறு கணினியில் வைரஸ் வந்தால் இது தடுக்காது. அதனால் எக்ஸ்பியில் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் பகிருங்கள்.

முக்கியமாக, சீசன் முடியும்வரை காத்திருக்காமல் அந்த ஹார்ட் டிஸ்கை முழுதாக இமேஜ் (அச்சு அசல் நகல்) எடுத்து வேறொரு டிஸ்கில் வையுங்கள். ரூட்டர் போனால் கடையில் வாங்கலாம், அந்த ரிப் செட்டிங் போனால் எங்கே வாங்குவது?