மார்கழி விடுமுறையில் செஞ்சிக் கோட்டை: ராஜகிரியா, கிருஷ்ணகிரியா?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில், சென்னையிலிருந்து காரில் செஞ்சிக்குச் சென்று கோட்டையைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே திருவண்ணாமலைக்குச் சென்று தங்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். முழங்கால் வலியுள்ள என் தாயாரும், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளும் உடன் வருகிறார்கள். தேசிங்கு ராஜன் கதையைப் பாட்டியிடம் கேட்டதிலிருந்து, அவன் ஆண்ட கோட்டையின் உச்சிக்கு ஏறியே தீர வேண்டும் என்பது மகளின் ஆசை. ஒரே நாளில் ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டையும் ஏற முடியுமா? ஒன்றுதான் முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? அந்த வாரத்தில் மழை குறுக்கிடுமா? மலை ஏற இயலாத என் தாயாருக்குக் கீழே பார்ப்பதற்கு ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: திண்டிவனத்து ஆசிரியர்

வணக்கம் அம்மா. முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் என்றாலும், வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்வதும் உண்டு. நனைந்த கருங்கற்படிகள் வழுக்கும் என்பதால், மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தை ஜனவரி முதல் வாரத்திற்குத் தள்ளிவைப்பதே நல்லது. காணும் பொங்கலன்று மட்டும் வர வேண்டாம்; அன்று கூட்டத்தில் கோட்டையை நிதானமாகப் பார்க்கவே முடியாது.

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். படிகள் 1,000க்கும் மேல். மார்கழிக் காலையில் பனி விலகுவதற்குள் ஏறத் தொடங்கினால் மூச்சு வாங்குமே தவிர, வெயிலால் துன்பம் இருக்காது. பத்து மணிக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கிவிடும். பிற்பகலில் ஒரு நேரத்திற்குப் பிறகு ராஜகிரிமேல் ஏற அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், மதிய உணவை முடித்துக்கொண்டு ஏறலாம் என்று எண்ணி வருபவர்கள் பலர் அடிவாரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரே நாளில் இரு மலைகளையும் ஏறுவது இளைஞர்களுக்குச் சாத்தியம்தான்; குழந்தையை வைத்துக்கொண்டு நான் பரிந்துரைக்க மாட்டேன். என் தேர்வு கிருஷ்ணகிரி. ஏற்றம் குறைவு, கூட்டமும் குறைவு; உச்சியில் குவிமாடத்துடன் கூடிய அழகிய அரச மண்டபம் இருக்கிறது.

பதில்: செஞ்சி மண்

ஆசிரியர் ஐயா சொன்ன பருவச் செய்திகள் அனைத்தும் சரி. ஆனால் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் மதில்களால் முக்கோணமாக இணைத்துக் கட்டியது இந்தக் கோட்டை. அந்த அமைப்பு முழுவதும் ராஜகிரியின் மேலிருந்து பார்க்கும்போதுதான் விளங்கும். உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடுகிறது. முன்பு அதன்மீது தூக்கிவிடக்கூடிய பாலம் இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால், கீழிருந்து எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் சிலரை வைத்தே தடுத்துவிடலாம். உங்கள் மகளை அந்த இடத்தில் சற்று நிற்க வைத்து இதைச் சொல்லுங்கள்.

1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றி வலுப்படுத்தினார். அவருடைய மகன் இராஜாராம் இங்கே வந்து தஞ்சம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல்தான், அதற்குள் இராஜாராம் தப்பிவிட்டார். நீங்கள் வரவிருக்கும் இதே டிசம்பர் மாதத்தில்தான், 1692இல், சந்தாஜியும் தனாஜியும் தலைமை தாங்கிய மராட்டியப் படைகள் வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டவர்களையே சுற்றி வளைத்தன. முகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாப் சாததுல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்டது அதற்குப் பின், 1714இல். கதைப்பாடல் அவனைப் பெரிதாகப் பாடுவது நியாயமே. ஆனால் அவனுடைய ஆட்சி மிகக் குறுகியது என்பதையும், இந்த மதில்களில் நாயக்கர்களின் உழைப்பே மிகுதி என்பதையும் குழந்தைக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

பதில்: புதுச்சேரி நடையன்

அம்மாவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். கீழ்க்கோட்டையே அரை நாளுக்குப் போதுமானது. அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பாக முடியும் கல்யாண மஹால், தானியக் களஞ்சியம், யானைக்குளம் ஆகியவற்றை ஏறக்குறைய சமதரையில் நடந்தே பார்க்கலாம். வெளிக்கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயிலின் கோபுர வாசலில் இருபுறமும் உள்ள சிற்பங்களை நின்று பார்க்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள், 1750இல் செஞ்சியைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கொண்டு சென்றவை என்று சொல்லப்படுகின்றன. ஊருக்கு அருகே சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரும், திருநாதர் குன்றில் பாறையில் செதுக்கிய 24 சமணத் தீர்த்தங்கரர்களும் உண்டு. இரண்டுக்கும் சற்று ஏற வேண்டும் என்பதால், அம்மாவின் முழங்கால் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேளச்சேரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நாள் மாலையே திண்டிவனம் வந்து தங்கி, மறுநாள் காலையில் நானும் மகளும் ராஜகிரி ஏறுவதென்றும், அம்மாவும் கணவரும் கல்யாண மஹால் பகுதியில் இருப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். மேலே குடிநீரோ சிற்றுண்டியோ கிடைக்குமா?

பதில்: செஞ்சி மண்

மேலே கடை எதுவும் கிடையாது அம்மா. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டங்களைக் கையிலோ பிளாஸ்டிக் பையிலோ வைத்திருந்தால் குரங்குகள் பறித்துவிடும். முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள், குழந்தையின் கையில் எதையும் கொடுக்க வேண்டாம். 2025 ஜூலையில் இக்கோட்டை ‘மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் பன்னிரண்டு கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு கோட்டைகளில் மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது இது ஒன்றுதான். காலிப் பாட்டில்களைக் கீழே கொண்டுவந்து போடும்படி தயவுசெய்து மகளிடமும் சொல்லுங்கள்.