அப்பா கடையின் பழைய டாலி கணக்கு: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் ஹார்டுவேர் கடைக் கம்ப்யூட்டர் போன மாதம் நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) டேட்டா ஃபோல்டரை என் லேப்டாப்புக்கு எடுத்துவிட்டேன். உள்ளே 10000, 10001, 10002 என்று எண் பெயரில் மூன்று ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் .900 என்று முடியும் கோப்புகள். நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகள்தான் வருகின்றன.

தேடியதில் புரிந்தது: இவை டாலி ஈஆர்பி 9 என்ற பழைய பதிப்பின் கோப்புகள். ஒரு ஃபோல்டர் என்பது ஒரு கம்பெனி. கோப்பைத் தனியாகத் திறக்க முடியாது. ஃபோல்டர் இருக்கும் பாதையை டாலிக்குள் கொடுக்க வேண்டும். சரி என்று ஈஆர்பி 9 எஜுகேஷனல் மோடில் (லைசென்ஸ் இல்லாமல் பழகிப் பார்க்கும் முறை) முயன்றேன். இரண்டு கம்பெனிகள் திறந்தன. மூன்றாவதன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள். டாலி வால்ட் பாஸ்வேர்டு, அதாவது கம்பெனியின் டேட்டாவையே பூட்டிவைக்கும் பாஸ்வேர்டு, போட்டிருக்கிறார்கள். அப்போது கணக்கு எழுதியவர் இப்போது ஊரில் இல்லை, அப்பாவுக்கும் நினைவில்லை. ஜிஎஸ்டி கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் அதைப் பாதுகாக்க வேண்டுமே!

வால்ட் பாஸ்வேர்டை மீட்க வழியே இல்லை என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாஸ்வேர்டு போடுவதற்கு முன் எடுத்த பேக்கப், அதாவது டிபிகே900.001 என்ற கோப்பு, பழைய பென் டிரைவில் கிடைத்தால் பாஸ்வேர்டு இல்லாமல் ரீஸ்டோர் ஆகுமா? அப்புறம், திறந்த இரண்டையும் புதிய பதிப்பான டாலி பிரைமுக்கு மாற்றினால் மறுபடி ஈஆர்பி 9-இல் பார்க்க முடியுமா? நகல் எடுத்து வைத்துவிட்டேன், அசலைத் தொடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.