கையால் படம் கீறி அனிமேஷன் செய்து ஒரு ஆயுள் ஓட்ட முடியுமா? (ஜோவானா குயினைப் பார்த்து வந்த கேள்வி)

உவர்மலைப் பெட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை டவுனில் ஒரு பிரிண்ட் கடையில் டிசைன் வேலை செய்கிறேன். கலியாண அட்டை, சாமத்திய வீட்டு பனர், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி அட்டை என்று பகல் போய்விடும். இரவில்தான் எனக்கென்று படம் கீறுவது. மூன்று மாதமாக மினக்கெட்டு ஒரு அனிமேஷன் செய்கிறேன், இதுவரை பதினொரு செக்கன் வந்திருக்கிறது. கோட்டை வாசலில் நிற்கிற மான் ஒன்று யாரோ வைத்துவிட்டுப் போன சொப்பிங் பையை இழுக்கிறது, அவ்வளவுதான் கதை. பதினொரு செக்கனுக்கு 132 படம். அதில் நாற்பதைத் திருப்பிக் கீற வேண்டும், ஏனென்றால் மானின் கழுத்து நடுவில் ஒட்டகம் மாதிரி நீண்டுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் யூடியூப்பில் ஜோவானா குயின் என்ற பிரிட்டிஷ் அனிமேட்டரின் படங்களைப் பார்த்தேன். பென்சில் கோடு அப்படியே நடுங்கிக்கொண்டு திரையில் தெரிகிறது, அழித்த கோடு கூட மிச்சம் இருக்கிறது. கதாநாயகி பெரில் என்ற ஃபக்டரி மனுசி. வடிவான பெண் என்று சினிமா காட்டுகிற ஆள் இல்லை, குண்டு, நடக்கும்போது வயிறு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் ஆடும். அவர் அந்த மனுசியை முதல் கீறிய படம் 1987இல் வந்தது, கடைசியாக வந்தது 2021இல். 34 வருசம் ஒரே மனுசி!

என் கேள்வி இதுதான். இடையில் அவர் எதைச் சாப்பிட்டார்? பெரிய ஸ்டூடியோவில் சேராமல், குறும்படம் மட்டும் செய்து ஒருவர் எப்படி இத்தனை வருசம் தாக்குப் பிடிக்கிறார்? கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனிக்குப் போவோமா என்று யோசிக்கிறேன். அம்மாவோ "மான் கீறினால் சோறு வருமோ" என்கிறா. அவவில் பிழை சொல்லவும் முடியவில்லை.

வெள்ளவத்தை வாசி எழுதியது:

தங்கச்சி, நான் கொழும்பில் விளம்பர ஸ்டூடியோக்களில் ஒன்பது வருசம் குப்பை கொட்டியவன், அதனால் சோற்றுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

குயின் சாப்பிட்டது விளம்பரத்தில். அமெரிக்காவில் சார்மின் என்று ஒரு டொய்லட் பேப்பர், அதன் விளம்பரத்தில் வருகிற கரடிகளைத் தேடிப் பாருங்கள். அது அவர் கை. விஸ்காஸ் பூனைச் சாப்பாட்டுக்கும் செய்திருக்கிறார். அவரும் துணைவர் லெஸ் மில்ஸும் வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் பெரில் புரொடக்ஷன்ஸ் என்று சின்னதாக ஒரு கம்பனி வைத்தார்கள். மில்ஸ் எழுதுவார், தயாரிப்பைப் பார்ப்பார், குயின் கீறுவார். கரடி கொண்டுவந்த காசில் பெரில் வாழ்ந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் ஒரு பெரில் படம், அடுத்தது 2021இல். நடுவில் பதினைந்து வருசம்! அந்த இடைவெளியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும், விருதுகளை இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவர் தொடங்கிய நேரம் நல்ல நேரம். பிரிட்டனில் 1982இல் சனல் 4 வந்தது, அதே நேரம் வேல்ஸ் மொழிக்கு எஸ்4சி வந்தது. பெரியவர்களுக்கான அனிமேஷனுக்கு அந்த டிவிக்காரர்கள் உண்மையிலேயே காசு கொடுத்தார்கள். மிடில்செக்ஸ் பொலிடெக்னிக்கில் படிக்கும்போது தொடங்கிய 'கேர்ள்ஸ் நைட் அவுட்' படத்தை அவர் முடித்ததே அந்தக் காசில்தான். இங்கே எந்த சனலிடம் போய் "ஃபக்டரி மனுசி பிறந்தநாளுக்குக் கூட்டாளிமாரோடு வெளியே போய் உடுப்புக் கழற்றுகிற ஆம்பிளையின் ஆட்டம் பார்க்கிறா, ஆறு நிமிசப் படம், காசு தாங்கோ" என்று கேட்பீர்கள்? வாசலிலேயே நிப்பாட்டி விடுவார்கள்.

கொழும்புக்கு வாருங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில் இரவு பதினொரு மணிக்கு பிஸ்கட்டின் சிரிப்பை மாற்றச் சொல்வார்கள். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் என் சொந்தக் கொப்பியில் ஒரு பக்கம் கூட நிரம்பவில்லை.

மட்டிக்களியான் எழுதியது:

பிஸ்கட்டின் சிரிப்பு 😄

குயின் 1993இல் 'பிரிட்டானியா' என்று ஒரு குட்டிப் படம் செய்திருக்கிறார். ஒரு புல்டோக் நாய் உலக உருண்டையைப் பந்தாக வைத்து விளையாடும், அதுதான் பிரிட்டிஷ் சாம்ராச்சியம். 1795இல் வந்து கோட்டையைப் பிடித்து, 1957வரை துறைமுகத்தில் நேவியை வைத்திருந்த ஆட்களைப் பற்றி அவர்களின் ஊர்க்காரியே அப்படிக் கீறியதைத் திருமலையில் இருந்து பார்ப்பது தனி ருசி. உங்கள் மானும் அந்தக் கோட்டை வாசலில்தானே நிற்கிறது, யோசித்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற சித்திர ரீச்சர் எழுதியது:

பிள்ளை, நான் பாலையூற்றில் இருக்கிறேன். முப்பது வருசம் சித்திரம் படிப்பித்தவள். காசுக் கதையைத் தம்பி சொல்லிவிட்டார், நான் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன் (உன் மான் நிற்கிற கோட்டை இல்லை, பென்சில் கோடு).

நீ சொன்ன பிறகு என் மகன் போட்டுக் காட்ட நானும் பார்த்தேன். முதல் படம் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, மகன் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். ஆனால் அந்த மனுசி கதிரையில் இருந்து எழும்புகிற இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார். முதலில் முழங்காலில் கை ஊன்றுவா, தலை முன்னுக்கு வரும், பிறகுதான் இடுப்பு கிளம்பும், வயிறு ஒரு நொடி பிந்தி வந்து சேரும். பாரம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு தாளிலும் தெரிந்திருக்கிறது. அது கம்பியூட்டரில் வருகிற விஷயம் இல்லை. ஆட்களை இருத்தி வைத்துக் கீறிப் பழகிய கைக்கு மட்டும் வரும். எங்கள் பள்ளிக்கூடங்களில் பூச்சாடியையும் பொங்கல் பானையையும் கீற வைத்தோம், ஆளைக் கீற வைக்கவில்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, மறைக்கவில்லை.

உன் மானின் கழுத்து நீண்டதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு தாளையும் முந்தின தாளைப் பார்த்தே கீறியிருப்பாய். அப்படிச் செய்தால் படத்துக்குப் படம் ஒரு நூல் கூடிக் கூடி பத்தாவது தாளில் ஒட்டகம்தான் வரும். முதலில் தொடக்கத்தையும் முடிவையும் கீறி வை, பிறகு நடு, அதற்குப் பிறகு இடையில் உள்ளவை.

பாரம் பழக வேண்டுமென்றால் காசு கொடுத்து எங்கும் போகத் தேவையில்லை. கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடிய வெள்ளனப் போய் கரைவலை இழுக்கிறதைப் பார். சில இடங்களில் இப்போது ட்ராக்டரில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள், அங்கே போகாதே. ஆட்கள் கையால் இழுக்கிற இடத்துக்குப் போ. முகத்தைக் கீறாதே. குதி மண்ணில் எவ்வளவு புதைகிறது, முதுகு எவ்வளவு சரிகிறது, கயிறு நெகிழ்கிற அந்தக் கணத்தில் யார் முதலில் தடுமாறுகிறான், இவ்வளவும் போதும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிசத்துக்கு மேல் எடுக்காதே.

முறையாகப் படிக்க ஆசை என்றால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கல்லடியில். காண்பியக் கலை அங்கே படிக்கலாம்.

லண்டன் திருமலையான் எழுதியது:

வெள்ளவத்தை அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் இடிக்கிறது. விளம்பரம் எல்லாரையும் விழுங்கும் என்று இல்லை. நிக் பார்க்கைப் பாருங்கள், வலஸும் குரோமிட்டும் செய்தவர். 1982இல் ஃபில்ம் ஸ்கூலில் களிமண்ணில் ஒரு படம் தொடங்கினார், முடிக்க முடியவில்லை. ஆர்ட்மன் ஸ்டூடியோ 1985இல் அவரை வேலைக்கு எடுத்து, அங்கே இருந்துகொண்டே அந்தப் படத்தை 1989இல் முடித்தார். ஏழு வருசம்! அதே காலத்தில் ஆர்ட்மனில் செய்த இன்னொரு ஐந்து நிமிசப் படமும் அதோடு சேர்ந்து ஒஸ்காருக்குப் போய், அந்தக் குட்டிப் படம் வென்று இது தோற்றது. ஆள் தன்னிடமே தோற்றார். பிறகு அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்துத்தான் மின்சார ஹீட்டர் விளம்பரக்காரர்கள் வந்தார்கள். அங்கே படம் முதல், விளம்பரம் பிறகு.

குயினுக்கு ஒஸ்கார் கிடைக்கவில்லை. 'ஃபேமஸ் ஃப்ரெட்' என்ற பூனைப் படத்துக்கும், 2021 படமான 'அஃபெயார்ஸ் ஒஃப் த ஆர்ட்'டுக்கும் பரிந்துரைப் பட்டியலில் பெயர் வந்தது, அவ்வளவுதான். முதல் தடவை பிக்சாரின் படம் எடுத்துக்கொண்டு போனது. ஆனால் முதல் படத்துக்கே 1987இல் பிரான்ஸ் அன்னெசி விழாவில் மூன்று விருது. அது பெரிய இடம்.

ஆக, ஸ்டூடியோவுக்குள் போய் அதன் நிழலில் சொந்தப் படத்தை முடிப்பது ஒரு வழி, சின்னக் கடை போட்டு வெளி வேலை எடுப்பது இன்னொரு வழி. குயின் கடைசிப் படத்துக்குக் கனடாவின் தேசிய திரைப்படச் சபையையும் சேர்த்துக்கொண்டார். யாரிடமும் கேட்கலாம், வெட்கப்படக் கூடாது.

வெள்ளவத்தை வாசி எழுதியது:

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆர்ட்மன் எங்கே, நான் இருந்த பிஸ்கட் கடை எங்கே. முதலாளி வேலை நேரத்தில் உன் சொந்தப் படத்தை முடி என்று விட்டால் நான் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன்.

தங்கச்சிக்குக் கணக்கு ஒன்று. குயினின் அந்தக் கடைசிப் படம் 16 நிமிசம். உங்களைப் போல செக்கனுக்குப் பன்னிரண்டு படம் என்று வைத்தாலே 11,520 தாள். உங்கள் வேகம் மூன்று மாதத்துக்கு 132. கல்குலேட்டரை நான் தட்டவில்லை, நீங்களே தட்டுங்கள். மானை முப்பது செக்கனில் முடித்துவிடுங்கள். முடிந்த முப்பது செக்கனைத்தான் யாரிடமும் காட்டலாம்.

உவர்மலைப் பெட்டை எழுதியது:

தட்டினேன். கிட்டத்தட்ட இருபத்திரண்டு வருசம் வருகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

ரீச்சர், நீங்கள் சொன்னது சரி, முந்தின தாளைப் பார்த்துத்தான் கீறினேன். தொடக்கம், முடிவு, நடு என்று கீறிப் பார்த்தேன், கழுத்து நிற்கிறது.

2021 படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அதில் பெரிலுக்கு 59 வயது, ஃபக்டரி வேலையோடு படம் கீறுகிற விசர் பிடித்து, புருசனை உடுப்பில்லாமல் நிற்க வைத்துக் கீறுவாள். பாதியிலேயே எழும்பிப் போவா என்றுதான் நினைத்தேன். கடைசிவரை பார்த்துவிட்டு "இந்த மனுசி ஆரைப் போல இருக்கிறா தெரியுமோ, உன்ர பெரியம்மாவைப் போல" என்றா. அப்புறம் சோற்றைப் பற்றிக் கதைக்கவில்லை, இரண்டு நாளாக.

ஞாயிறு விடிய உப்புவெளிக்குப் போனேன். முதல் ஆறு பக்கமும் இழுக்கிற ஆட்கள் சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி வந்திருக்கிறார்கள். ஒரு அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு "எங்கட கயிறு எங்க பிள்ளை" என்றார், கயிற்றைக் கீறவே மறந்துபோனேன். ஏழாவது பக்கத்தில் ஒருவரின் குதி மட்டும் மண்ணுக்குள் போயிருக்கிறது. அதை ஸ்கான் பண்ணி நாளைக்குப் போடுகிறேன், கடையில் ஸ்கானர் சும்மா இருக்கிற நேரம் பார்த்து.